விழுவதற்கு முன் சொன்ன கூடை

சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். தி. நகரில் கல்யாணத்துக்கு யாரும் எடுக்காத ஒரு சின்ன மண்டபம். பொன்னாடை, சந்தன மாலை, பித்தளைக் கேடயம் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. பேசியவர்களில் ஒரு முன்னாள் கூடைப்பந்து ஆட்டக்காரர், என்னிடம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது நிதானம் என்றார். பந்து வளையத்துக்குள் விழுந்து, வலையை விட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் நான் மைக்கில் 'கூடை' என்று சொல்வேனாம். இந்தக் காலத்து அவசரக்காரர்கள் என்னைப் பார்த்துத் திருந்த வேண்டுமாம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. நிதானமாவது, மண்ணாங்கட்டியாவது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. அதற்குப் பெயர் நிதானம் இல்லை.

நான் பந்தைத் தொட்டு ஆடியவன் இல்லை. தட்டைப் பாதம், சோடாபுட்டிக் கண்ணாடி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் உடம்பு. அறுபதுகளின் கடைசியில் மவுண்ட் ரோடில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். குடித்தனம் மேற்கு மாம்பலத்தில், ஒரு போர்ஷனில். ஆபீஸ் விட்டால் நேராக வீட்டுக்குப் போகாமல், மயிலாப்பூருக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு கிளப்பின் சிமெண்ட் கோர்ட்டுக்குப் போய்விடுவேன். சவுக்குக் கம்புகளைக் கட்டிப் பலகை அடித்த காலரியில் உட்கார்ந்து, யார் யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும், எவன் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று தொண்டை கிழியக் கத்துவேன். அதில் எனக்கு ஒரு பரம திருப்தி.

அப்போது மைக் பிடித்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி. ரயில் வரும் நேரத்தை அறிவிப்பது போல ஆங்கிலத்தில், இந்த நம்பர் இத்தனை பாயிண்ட் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். ஒரு நாள் அவருக்கு ஜலதோஷம். கிளப் செயலாளர் காலரியைப் பார்த்து, "எப்படியும் கத்தறே, இங்க வந்து கத்து" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார். நானும் முதலில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் மூச்சு முட்டியது. சரி, வருவது வரட்டும் என்று தமிழுக்கு வந்தேன். காலரி நிமிர்ந்து உட்கார்ந்தது. சோடா விற்பவன் கூட விற்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கூடைப்பந்து காத்திருக்கிற ஆட்டம் இல்லை. பந்து விழுந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தால், ஜனங்கள் போடுகிற கூச்சலில் சொன்னது காணாமல் போய்விடும். அதற்குள் பந்து மறுபக்கம் ஓடியிருக்கும். விளக்கு வெளிச்சமோ மோசம். மேல் வரிசையில் இருப்பவர்களுக்கு வளையம் ஒழுங்காகத் தெரியாது. என் வாயைத்தான் நம்பியிருப்பார்கள். ஆகவே நான் ஒரு வித்தை பழகிக்கொண்டேன். எறிகிறவனின் பந்தைப் பார்க்க மாட்டேன், மணிக்கட்டைப் பார்ப்பேன். பந்தை விடும்போது அது எப்படி மடிகிறது என்று பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பந்து காற்றில் இருக்கும்போதே 'கூடை' என்பேன். சொல்லி வாய் மூடுவதற்குள் பந்து உள்ளே விழும். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் அதைச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கொண்டு சேர்க்கும். பந்து விழுந்ததால் நான் சொன்னேனா, நான் சொன்னதால் பந்து விழுந்ததா என்று ஜனங்கள் வேடிக்கையாகக் கேட்பார்கள். அப்போது நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

எப்போதாவது தவறினால், 'கூடை... என்று நினைத்தோம், வாசல் வரை வந்து திரும்பிவிட்டது' என்று சமாளித்துவிடுவேன். அதற்கும் கைதட்டுவார்கள்.

நான் கவனிக்காத ஒன்று இருந்தது. நம் ஊர்ப் பையன்கள் என் குரலுக்குப் பழகிப்போனார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து என் மைக்குக்குக் கீழே ஆடி வளர்ந்தவர்கள். 'கூடை' என்று என் குரல் கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் தடுப்பதற்குத் தங்கள் பக்கம் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பயிற்சியாளர் இதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க விசில் இல்ல சார், கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க" என்றார். அந்த ஆளுக்கு என் பெயர் பரவுவது பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் என் மனைவியிடமும் சொன்னேன்.

அவளுக்கு இந்த மைக் விவகாரமே பிடிக்காது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய சித்தப்பா ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ளை மைக்செட் வாடகைக்கு விடறாராமே" என்று விசாரித்தாராம். வீட்டுக்கு வந்து அழுதாள். "ஆத்துல நாலு வார்த்தை பேசறதுக்கு வாய் வலிக்கறது. அங்க போய் ஊரெல்லாம் கேக்கக் கத்திண்டிருக்கேள்" என்றாள். அதே கல்யாணத்தில் இரண்டாவது பந்திக்கு ஆட்களைக் கூப்பிட மைக் பிடிக்கச் சொன்னார்கள். நான் மறுக்கவா செய்தேன்? பாயசம் பரிமாறுவதைக்கூட வர்ணித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் என்னைப் பொறுத்தவரை வெட்கம் என்பது அவளுக்கு வரும் ஒரு வியாதி, எனக்கில்லை.

எங்கள் அணியில் ஆடிய ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையன் என்று சொல்லிப் பழகிவிட்டது. நான் சொல்லப்போகிற சமயத்தில் அவனுக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயது. கோர்ட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து இருந்தது. அதில்தான் வீடு. அப்பா இல்லை. அம்மா சந்து முனையில் காலையில் இட்லியும் சாயங்காலம் பஜ்ஜியும் போட்டு விற்றாள். அவன் விடியற்காலையில் சைக்கிளில் ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டையில் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான். சாயங்காலம் ஆட வரும்போதும் விரல் நுனி வெளுத்தே இருக்கும். அந்த விரலோடு அவன் மூலையில் நின்று எறிந்தால் பத்துக்கு எட்டு உள்ளே போகும். அதைவிடப் பெரிது அவனுடைய இன்னொரு பழக்கம். எறிந்த கையோடு, விழுமா விழாதா என்று நின்று பார்க்காமல், பந்துக்குப் பின்னாலேயே வளையத்தை நோக்கி ஓடுவான். வெளியே தெறித்தால் அதை எடுக்க முதல் கை அவன் கையாக இருக்கும்.

அவன் அம்மா ஒரு நாளும் கோர்ட்டுக்குள் வந்ததில்லை. ஆம்பிளைகள் நடுவில் பலகையில் போய் உட்காருவதாவது என்பாள். ஆனால் ஆட்டம் முழுக்க அவளுக்குத் தெரியும், என் குரல் வழியாக. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் பஜ்ஜி வாங்கப் போனால், "மைக் சார், அந்த நெட்டை ஆளுக்கு மூணு ஃபவுல் ஆயிட்ச்சு, இன்னும் இன்னாத்துக்கு உள்ள வெச்சிக்கினு கீறாங்க?" என்று நியாயம் கேட்பாள். வளையம் எவ்வளவு உயரம் என்று ஒரு நாள் கேட்டாள். கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவ்வளவு உயரத்திலா என் பிள்ளை போடுகிறான் என்று சிரித்தாள்.

அந்தக் காலத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு: ஏதாவது ஒரு பெரிய அலுவலகத்தின் அணியில் சேர்ந்து, அதன் மூலம் உத்தியோகம் வாங்குவது. மேஜை நாற்காலி, மாதச் சம்பளம், ஆயுசுக்கும் சோறு. அவனோடு ஆடியவர்கள் ஒவ்வொருவராக அப்படிப் போய்விட்டார்கள். அவனுக்கு மட்டும் ஏதாவது ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் கணுக்கால் முறிந்தது. ஒரு வருஷம் யாரோ பெரிய மனிதரின் மருமகன் குறுக்கே வந்தான். எழுபதுகளின் நடுவில் அந்த வருஷக் கோப்பைப் போட்டி வந்தபோது வயது வரம்பு அவன் கழுத்துக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் இல்லையென்றால் இனி எந்த வருஷமும் இல்லை.

ஒரு பெரிய அலுவலகத்தின் விளையாட்டு அதிகாரி ஓர் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அரையிறுதி முடிந்ததும் என்னை டீ சாப்பிடக் கூப்பிட்டார். அந்தப் பையன் எப்படி என்று கேட்டார். நான் வாய் ஓயாமல் புகழ்ந்தேன். அவர் கேட்டுக்கொண்டு, "கப் ஜெயிக்கிறானா தோக்கிறானாங்கிறது எனக்கு முக்கியம் இல்ல. கடைசி நிமிஷத்துல தலை எங்க இருக்குன்னு பாக்கணும். நாளைக்கு அவனை மட்டும்தான் பாக்கப்போறேன்" என்றார். நான் ஓடிப்போய்ச் சந்து முனையில் அதைச் சொன்னேன். அவன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். அவன் குனிந்தபடி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மின்வெட்டுக் காலம் அது. ராத்திரி விளக்கு போட வழியில்லை என்று இறுதி ஆட்டத்தை மத்தியானம் மூன்று மணிக்கே வைத்தார்கள். மைக்செட்டுக்காரர் ஒரு பழைய லாரி பேட்டரியைக் கொண்டுவந்து அதில் ஓட்டினார். எதிரணி வடக்கேயிருந்து வந்த ராணுவ வீரர்கள். ஒவ்வொருவரும் கதவு நிலை உயரம். தமிழ் ஓர் எழுத்து தெரியாது. அவர்களுக்கு என் வர்ணனையும் ஒன்றுதான், கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை கத்துவதும் ஒன்றுதான். முன்வரிசையில் போட்டிருந்த சோபாவில் அந்த அதிகாரி கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்தை இங்கே நான் வர்ணிக்கப்போவதில்லை. அந்த ஆசை போய்விட்டது. முடிவில் இரு பக்கமும் சமம், சில விநாடிகள் பாக்கி, பந்து நம்மிடம். அது கைமாறிக் கைமாறி மூலைக்கு வந்தது. அவன் வாங்கினான், எழும்பினான். நான் மணிக்கட்டைப் பார்த்தேன். அது எத்தனையோ தடவை நான் பார்த்த அதே மடிப்பு. எனக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. வெறும் 'கூடை' என்று நிறுத்தவில்லை. அந்த அதிகாரிக்குக் கேட்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "கூடை. கோப்பை நமக்கு. வென்றுவிட்டான் நம் பிள்ளை" என்று முழங்கினேன்.

பந்து அப்போது காற்றில் இருந்தது.

நம் ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். வளையத்துக்குக் கீழே நின்ற நம் நெட்டை ஆள், பந்தைப் பிடிக்கக் கையை நீட்டினாலே போதும், இரண்டு கையையும் தூக்கிக் காலரியைப் பார்த்துக் கும்பிட்டான். எறிந்தவன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பந்துக்குப் பின்னால் ஓடவில்லை. என் குரல் வந்த திசையில், மைக் மேஜையைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுவதையும் பார்த்தேன். தமிழ் தெரியாதவர்களுக்கு மட்டும் ஆட்டம் முடியவில்லை. ஒருவன் அதைப் பிடித்து மறுகோடிக்கு வீசினான். அங்கே காத்திருந்தவன் நோகாமல் உள்ளே போட்டான். மணி அடித்தது. காலரி ஓவென்று அலறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அலறல் சந்தோஷமா துக்கமா என்று யாருக்குத் தெரியும்?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் சாகும். நான் வாய் திறந்ததில் செத்தது வேறொருவன் பிழைப்பு.

மைக்செட்டுக்காரர், பேட்டரி இறங்குகிறது, முடிவைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்றார். நான் மைக்கைத் தள்ளிவிட்டேன். தொண்டையில் சத்தம் இல்லை என்று ஜாடை காட்டினேன். அது பொய். சத்தம் இருந்தது, முகம்தான் இல்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்தால் வழக்கமாகப் போடும் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டார். அது பாதியில் இழுத்து இழுத்து ஓய்ந்தது. அப்புறம் பரிசளிப்பு முழுவதும் மைக் இல்லாமல்தான் நடந்தது. செயலாளர் வெறும் வாயால் பெயர்களைக் கூப்பிட்டார். பின் வரிசைக்கே கேட்கவில்லை.

யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. செயலாளர் தோளில் தட்டி, யானைக்கும் அடி சறுக்கும் என்றார். காலரியிலிருந்து இறங்கியவர்கள் என்னைத் தாண்டும்போது தெரியாதவர்கள் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்காக அவர்கள் கூச்சப்பட்டார்கள். அது செருப்படியைவிட மோசம். தலையைத் தூக்க முடியாமல், மைக் ஒயரைச் சுருட்டுவது போலப் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி காரில் ஏறப்போகும்போது ஓடிப்போய் மறித்தேன். தப்பு என்னுடையது, நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் நின்றான், நீங்களே கேட்டீர்களே என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. தானும்தான் சோபாவை விட்டு எழுந்து கைதட்டியதாகச் சொன்னார். எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"ஆனா நான் எழுந்தா ஆட்டம் போகாது. அவன் நின்னா போகும்" என்றார். "அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், மைக்கைக் கேட்டுத்தானே நீ நின்னேன்னு. இல்ல சார், நானாத்தான் தப்பா நெனச்சிட்டேன்னான். அதுக்கு மேல நான் என்ன சார் பண்றது?"

கார் போய்விட்டது. அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒருவேளை வேலை கிடைத்திருக்கும். எனக்கு மைக் போயிருக்கும்.

கோர்ட்டுக்குப் பின்னால் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதை என்னை இன்னும் குன்ற வைத்தது. நான் என்னென்னவோ சொன்னேன். "வுடுங்க சார். ஆட்டம்னா அப்டித்தான்" என்றான். உன் அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன், என்மேல்தான் தப்பு என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றேன். வேண்டாம் என்றான். நான் விடவில்லை. அவளிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டால் என் பாரம் இறங்கும் என்று கணக்குப் போட்டேன். அவன் பாரத்தைப் பற்றி அப்போதும் நினைக்கவில்லை. இருவரும் சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். சந்தின் ஆம்பிளைகள் எல்லாம் இன்னும் கோர்ட் வாசலில்தான் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்; எங்களுக்கு முன்னால் யாரும் வீடு போய்ச் சேரவில்லை.

சந்து முனையில் அன்று பஜ்ஜிச் சட்டி இல்லை. அடுப்பில் பெரிய வாணலியில் கேசரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அவனைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். அவன் எதுவும் சொல்வதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள். வாழை இலைத் துண்டில் கேசரியை வைத்து என் கையில் திணித்தாள். நீங்கள் சொன்னதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, நாயனம் வாசித்தார்களே அதையும் கேட்டோம், அந்த அதிகாரி என்ன சொன்னார், எப்போது வந்து சேரச் சொன்னார் என்று கேள்வியாக அடுக்கினாள். அடுத்த வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாளாம். அந்தக் கடைசி நேரத்தை அவள் கேட்கவில்லையாம்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார். மைக்ல சொன்ன மேரியே சொல்லுங்க. இவ கேக்கட்டும்" என்றாள்.

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்வதற்குத்தான் வந்தேன். சொல்வதற்கு வாயையும் திறந்தேன். என் முன்னால் ஆவலோடு நிமிர்ந்த அத்தனை முகங்கள். ஒரு சின்னக் காலரி. அது போதும் எனக்கு. இலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை மைக் பிடிக்கிற மாதிரி வாய்க்கு அருகில் கொண்டுபோய், "கூடை. கோப்பை நமக்கு. வென்றுவிட்டான் நம் பிள்ளை" என்றேன். குரல் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. சந்து கைதட்டியது.

கைதட்டல் ஓயும் வரை அவன் பொறுத்திருந்தான். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டான்.

"பந்து உள்ள வியல மா. தோத்துட்டோம். வேலையும் இல்ல."

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. அன்றைய ஆட்டத்தின் முடிவை அறிவித்தவன் அவன்தான். அவள் அவனைக் கோபிக்கவில்லை, அழவும் இல்லை. ஏதோ கணக்கு உதைக்கிறது என்பது போல அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவளுக்கு ஆட்டம் என்றால் என் வாய்தான்.

"இப்பக்கூட சொன்னீங்களே சார்" என்றாள்.

 கேசரி கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுப்பதா சாப்பிடுவதா என்று தெரியாமல், அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.